திரையில் 7.9 அடி, கோபுரத்தில் 158 அடி: திறந்தே கிடந்த ஒரு லெவல் லூப்

2005 மார்ச் 23, பகல் 1.04 மணி. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ராஃபினேட் ஸ்பிளிட்டர் என்ற வடிகோபுரத்தின் அடிமட்ட லெவல் (திரவ மட்டம்) 78 சதவீதம் என்று கன்ட்ரோல் ரூம் திரை காட்டுகிறது. அடிக்கணக்கில் 7.9 அடி. காலையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்து நிற்கும் 78 அது. பார்க்கிறவருக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே நிமிடத்தில் கோபுரத்துக்குள் உண்மையில் இருந்த திரவத்தின் உயரம் சுமார் 158 அடி. கோபுரத்தின் மொத்த உயரமே 170 அடிதான். சிறிது நேரத்தில் திரவம் உச்சியைத் தாண்டி வழிந்தது. 1.20 வாக்கில் வெடிப்பு. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை இந்த விபத்தை எல்லாப் பக்கமிருந்தும் அலசுகிறது: செலவுக் குறைப்பு, தொடர்ந்து 29 நாள் 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்த ஆபரேட்டர், ஆபத்தான இடத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் அலுவலகங்கள். இறந்த 15 பேரும் அந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அவை எல்லாமே முக்கியம். ஆனால் இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு லூப், அதாவது அளந்து, ஒப்பிட்டு, வால்வை அசைத்துத் தானாகத் திருத்தும் ஒரு சுற்று. கோபுரத்தின் அடிமட்ட லெவலைக் காக்க வைத்திருந்த லூப் அது. கன்ட்ரோல் லூப் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, ஒழுங்காக ஓடும் நூறு லூப்களைவிட, ஓடாமல் போன இந்த ஒன்று அதிகம் சொல்லித்தருகிறது.

பொதுவாக இதை “டிரான்ஸ்மிட்டர் (லெவலை அளந்து சொல்லும் கருவி) பொய் சொன்னது, அதனால் விபத்து” என்று சுருக்கிவிடுகிறார்கள். பாதிதான் சரி. அந்தப் பொய்யான அளவை வைத்துக்கொண்டே அந்த லூப் கோபுரத்தைக் காப்பாற்றியிருக்க முடியும். எப்படி என்று பிறகு கணக்கோடு பார்ப்போம்.

லூப்பின் வேலை

கோபுரத்துக்குள் ஃபீட், அதாவது பிரிக்க வேண்டிய திரவம், வருகிறது. லேசான பகுதி ஆவியாகி உச்சி வழியே போகிறது. கனமான பகுதி அடியில் சேர்கிறது. அடியில் சேர்வதில் ஒரு பங்கை உலை வழியாகச் சுற்றவிட்டுச் சூடாக்கி மறுபடி கோபுரத்துக்கே அனுப்புவார்கள். மீதி, லெவல் கன்ட்ரோல் வால்வு வழியாகச் சேமிப்புத் தொட்டிக்குப் போகும். போகிற வழியில் ஒரு வெப்பப் பரிமாற்றியில் தன் சூட்டை உள்ளே வரும் ஃபீடுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட வேண்டாம், பின்னால் வரும்.

லூப் என்றால் சுற்று. டிரான்ஸ்மிட்டர் லெவலை அளந்து சிக்னலாக அனுப்புகிறது. இன்றைய ஆலைகளில் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்பியர். பூஜ்யத்துக்கு 0 என்று வைக்காமல் 4 என்று வைத்தது, கம்பி அறுந்ததையும் தொட்டி காலியானதையும் பிரித்தறியத்தான். கன்ட்ரோலர் அந்த அளவை செட்பாயின்ட்டோடு (இருக்க வேண்டிய அளவு) ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வை இவ்வளவு திற என்கிறது. வால்வு அசைகிறது. வெளியேறும் ஓட்டம் மாறுகிறது. அதனால் லெவல் மாறுகிறது. அதை மறுபடி டிரான்ஸ்மிட்டர் அளக்கிறது. எங்கேயும் முடியாத இந்தச் சுற்றில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்ற கண்ணிகள் தத்தம் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். கட்டுப்பாடு மட்டும் இருக்காது.

வெளியேறும் பக்கத்தில் வால்வு உள்ள லெவல் லூப்பில், அளவு கூடினால் கன்ட்ரோலரின் அவுட்புட்டும் கூட வேண்டும். உள்ளே வரும் பக்கத்தில் வால்வு இருந்தால் அதற்கு நேர்மாறு. இந்த ஒரு தேர்வைத் தலைகீழாகப் போட்டுவிட்டால், திருத்த வேண்டிய லூப்பே தொட்டியை நிரப்பி வழியவிடும். புது ஆலைகளை இயக்கத் தொடங்கும்போது இது நடப்பதுண்டு.

லெவலுக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. வால்வை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் வெப்பநிலையோ ஓட்டமோ கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு புது நிலைக்கு வந்து நின்றுவிடும். லெவல் நிற்காது. உள்ளே வருவதும் வெளியே போவதும் துல்லியமாகச் சமமாக இல்லாவிட்டால், நிரம்பும் வரை ஏறிக்கொண்டே இருக்கும், அல்லது காலியாகும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். தானாக எங்கேயும் நிலைகொள்ளாத ஒன்றை மேனுவலில், அதாவது கன்ட்ரோலர் தானாக வால்வை அசைக்காத நிலையில், விட்டால், யாராவது அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டெக்சஸ் சிட்டியில் அன்று அந்த ஒரு ஆபரேட்டர் மூன்று யூனிட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு ஷிஃப்ட்

பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கோபுரத்தை மறுபடி ஓட்ட வேண்டும். முதல் படி, அடியில் திரவம் நிரப்புவது. தொடக்க நடைமுறையின்படி லெவல் 50 சதவீதம், கன்ட்ரோலர் ஆட்டோவில். 22-ஆம் தேதி இரவு ஷிஃப்ட் வேறு மாதிரி செய்தது. வெளியேறும் வால்வு மூடியபடி, கன்ட்ரோலர் மேனுவலில் இருக்க, நிரப்பிக்கொண்டே போனார்கள். விடியற்காலை 3.09-க்கு 72 சதவீதத்தில் ஒரு அலாரம் அடித்தது. அதற்கு மேலே 78 சதவீதத்தில் தனிக் கம்பியோடு இன்னொரு ஹை லெவல் அலாரம் இருந்தது. அது அடிக்கவே இல்லை. 3.30 வாக்கில் திரை 99 சதவீதம் காட்டியபோது ஃபீடை நிறுத்தினார்கள்.

ஏன் 99 வரை? சோம்பலோ திமிரோ அல்ல. தொடக்க நேரத்தில் லெவல் ஏறி இறங்கி ஆடும். அடியில் திரவம் வற்றிவிட்டால் பம்ப் வெறுமையாக இழுக்கும், உலை டிரிப் ஆகும் (தானாக நின்றுவிடும்), மொத்த வேலையும் முதலிலிருந்து. அதனால் “கொஞ்சம் கூடவே இருக்கட்டும்” என்பது அங்கே பழகிப்போன வழக்கம். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் தொடக்கங்களில் பெரும்பாலானவற்றில் லெவல் இப்படித்தான் அளவுக்கு மீறிப் போயிருந்தது. லெவல் குறைவதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம். கூடுவதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை.

99 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது? அந்த டிரான்ஸ்மிட்டர் கோபுரத்தின் 4-வது அடியிலிருந்து 9-வது அடி வரைதான் அளக்கும். 170 அடிக் கோபுரத்தில் அதன் கண் விழுவது ஐந்தடிக்கு. 0 என்றால் 4 அடி, 100 என்றால் 9 அடி. ஆக 99 சதவீதம் 8.95 அடி. உண்மையில் அப்போதே திரவம் சுமார் 13 அடியில் இருந்ததாக வாரியம் பின்னர் கணக்கிட்டது. அளவுகோலின் உச்சியை ஒட்டி நிற்கும் எந்த எண்ணும் “இவ்வளவு” என்று அர்த்தமாகாது. “குறைந்தது இவ்வளவு” என்றுதான் அர்த்தம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கருவியின் எல்லையைத் தெரிந்தவருக்கு மட்டும் 99 வேறு மாதிரி ஒலிக்கும்.

காலை ஷிஃப்டுக்கு விட்டுப்போன லாக் புத்தகக் குறிப்பு ஒரு வரி. எவ்வளவு நிரப்பினோம், எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் இல்லை.

அளவு ஏன் இறங்கியது

கோபுரம் ஏறிக்கொண்டிருக்க, திரை இறங்கிக்கொண்டே வந்தது ஏன்? இந்த நிகழ்வில் முக்கியமாகப் பிடிபட வேண்டிய இடம் இதுதான்.

அது டிஸ்பிளேஸர் வகைக் கருவி. திரவத்துக்குள் ஒரு கனமான உருளையைத் தொங்கவிட்டு அதன் எடையை அளப்பார்கள். கிணற்று வாளி நீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாமல், வெளியே வரும்போது கையை இழுப்பது போலத்தான் இதுவும். உருளை எவ்வளவு முழுகியிருக்கிறதோ அவ்வளவுக்கு திரவம் அதை மேலே தாங்கும். எடை அவ்வளவுக்குக் குறையும். அந்தக் குறைவை லெவலாக மாற்றிக் காட்டுகிறது கருவி.

தாங்கும் விசை இரண்டைப் பொறுத்தது: முழுகிய பகுதியின் கனஅளவு, திரவத்தின் அடர்த்தி. அடர்த்தி இன்னதுதான் என்று முன்கூட்டியே கருவிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். டெக்சஸ் சிட்டியில் சொல்லிவைத்தது 1975-ஆம் ஆண்டின் தரவுத்தாளில் இருந்த எண். கோபுரத்தில் அன்று இருந்த திரவத்துக்கு அது பொருந்தவில்லை.

சரி, உருளை முழுசாக முழுகிய பிறகு? அதற்கு மேல் பத்தடி ஏறினாலும் நூறடி ஏறினாலும் முழுகிய கனஅளவு மாறாது. மாறக்கூடியது அடர்த்தி மட்டும்தான். காலையில் உலையைப் பற்றவைத்தார்கள். சூடேறச் சூடேற ஹைட்ரோகார்பன் விரிந்தது, அடர்த்தி குறைந்தது, தாங்கும் விசை குறைந்தது. கருவி அதை லெவல் இறங்குவதாக எடுத்துக்கொண்டது. காலையில் 97 சதவீதம், 11.50-க்கு 88, 1.04-க்கு 78. அந்த நேரத்தில் அது லெவல் கருவியே இல்லை, அடர்த்தி மானியாகிவிட்டது. 97-லிருந்து 78-க்கு வந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த வகைத் திரவத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து 300 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குச் சூடாக்கினால் அடர்த்தி குறையும் அளவோடு அது ஒத்துப்போகிறது.

ஆக, கருவி பழுதாகவில்லை என்றே வாதிடலாம். கம்பி அறுந்திருந்தால், சிக்னல் 4-க்குக் கீழே விழுந்திருந்தால், உறைந்து நின்றிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இது நம்பும்படியாக அசைந்தது. உலையில் சூடேற்றினால் லெவல் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்க்கிறவருக்கு, எதிர்பார்த்த திசையிலேயே அசைந்தது. குறுக்கே சரிபார்க்க கோபுரத்தில் ஒரு சைட் கிளாஸ் (திரவ மட்டத்தைக் கண்ணால் பார்க்கும் கண்ணாடி) இருந்தது. கண்ணாடி அழுக்கேறி எதுவும் தெரியாத நிலை.

எட்டு நிமிடக் கணக்கு

9.51-க்கு மறுபடி ஃபீடைத் திறந்தார்கள். நாளொன்றுக்கு சுமார் 20,000 பீப்பாய் வேகம். வெளியேறும் வால்வு இன்னும் மூடித்தான் இருந்தது.

இதை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பீப்பாய் 5.6 கனஅடி. ஆக நிமிடத்துக்கு சுமார் 78 கனஅடி உள்ளே வருகிறது. கோபுரத்தின் உள்விட்டம் 12.5 அடி, குறுக்குப் பரப்பு 123 சதுர அடி. வகுத்தால், லெவல் நிமிடத்துக்கு 0.64 அடி ஏற வேண்டும். மணிக்கு 38 அடி.

டிரான்ஸ்மிட்டரின் ஐந்தடி வீச்சை அடியிலிருந்து நுனி வரை நிரப்ப இந்த வேகத்துக்கு எட்டு நிமிடம் போதும். வெளியே எதுவும் போகாத கோபுரத்தில், மணிக்கு 38 அடி ஏற வேண்டிய லெவல், மூன்று மணி நேரத்தில் ஒரு அடி இறங்கியதாகத் திரை சொல்கிறது. அப்படி நடக்கவே முடியாது. எந்தக் கருவியையும் கழற்றிப் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

கணக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டினால், 9.51-லிருந்து 11.50 வரை 119 நிமிடம், 76 அடி. முன்பே இருந்த 13 அடியைக் கூட்டினால் 89. வாரியம் கணித்த உண்மை உயரம் 98. 1.04 வரை ஓட்டினால் 136 வருகிறது, உண்மை 158. மிச்ச வித்தியாசத்தின் பெரும்பகுதி சூட்டில் விரிந்தது. உள்ளே இருக்கும் தட்டுகளையெல்லாம் மறந்துவிட்டுப் போட்ட முரட்டுக் கணக்கே இவ்வளவு அருகில் வருகிறது.

ஏன் யாரும் போடவில்லை? உள்ளே வரும் ஓட்டம் ஒரு திரையில், வெளியே போகும் ஓட்டம் இன்னொரு திரையில். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் பக்கமே இல்லை. கழித்துச் சொல்லும் கணக்கும் இல்லை. மூன்று யூனிட்களைப் பார்த்துக்கொண்டு, தொடர்ந்து 29 நாள் ஷிஃப்ட் பார்த்த ஒருவரிடம் தலைக்கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் லூப்பை மேனுவலில் போட்டவுடன் கன்ட்ரோலர் செய்துகொண்டிருந்த வேலை, அதாவது ஒப்பிடுவதும் முடிவெடுப்பதும், மனிதர் தலையில் வந்து விழுகிறது. திரையை வடிவமைத்தவர்கள் அதற்கு எதுவுமே கொடுத்துவைக்கவில்லை.

ஆட்டோவில் இருந்திருந்தால்?

இப்போது முன்பு சொன்ன கணக்கு. டிரான்ஸ்மிட்டர் அதே பொய்யைச் சொல்லட்டும். கன்ட்ரோலர் மட்டும் நடைமுறை சொன்னபடி ஆட்டோவில், செட்பாயின்ட் 50-ல் இருக்கட்டும்.

காலை முழுக்க திரை காட்டிய மிகக் குறைந்த அளவு 78. அதுவும் 50-ஐவிட 28 அதிகம். திசை விஷயத்தில் பொய்யும் உண்மையும் ஒன்றையேதான் சொன்னன: லெவல் செட்பாயின்ட்டுக்கு மேலே இருக்கிறது, வால்வைத் திற.

கணக்குக்காக கெயின் (பிழையின் எத்தனை மடங்கு வால்வு திறக்க வேண்டும் என்பது) 1, இன்டெக்ரல் நேரம் (பிழை நீடித்தால் அதே அளவை மறுபடி சேர்க்க எடுக்கும் நேரம்) 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். லெவல் லூப்புக்கு அசாதாரணமான எண்கள் அல்ல. காலையில் 97 காட்டும்போது பிழை, அதாவது செட்பாயின்ட்டிலிருந்து வித்தியாசம், 47. ப்ரொப்போர்ஷனல் பகுதி உடனே வால்வை 47 சதவீதம் திறக்கச் சொல்லும். இன்டெக்ரல் பகுதி ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் இன்னொரு 47-ஐச் சேர்க்கும். பிழை அப்படியே நிற்பதால் 11 அல்லது 12 நிமிடத்தில் அவுட்புட் 100-ஐத் தொட்டுவிடும். தொடக்கத்திலிருந்தே 78 மட்டும் காட்டியிருந்தால்கூட, முதலில் 28, பிறகு நிமிடத்துக்கு 2.8, 26 நிமிடத்தில் வால்வு முழுத் திறப்பு. இன்டெக்ரலின் பிடிவாதமே இதுதான். பிழை சின்னதா பெரியதா என்பது வேகத்தை மாற்றும். பிழை தீரும்வரை அது ஓயாது. மூன்று மணி நேரம் அதற்கு ஏராளம். வால்வின் கொள்ளளவும் தடையில்லை: பிற்பாடு திறந்தபோது அதே வால்வு வழியாக ஃபீடைவிட அதிகமாகவே வெளியேறியது.

இதை எழுதும்போதே எதிர்க்கேள்விகள் தெரியும். அன்று கனமான ராஃபினேட்டை (கோபுரத்தின் அடியில் சேரும் திரவம்) எந்தத் தொட்டிக்கு அனுப்புவது, அனுப்பலாமா என்பதிலேயே குழப்பம் இருந்தது. வால்வை மூடி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கீழே போகும் பாதையே அடைத்திருந்தால் கன்ட்ரோலர் 100 சதவீதம் என்று கத்திக்கொண்டிருக்கும், திரவம் அசையாது. இன்டெக்ரல் வைண்ட்அப் என்பது இதுதான்: முடியாத வேலையை கன்ட்ரோலர் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போவது. ஆனால் அப்போதும் ஒரு நன்மை உண்டு. அவுட்புட் 100-ல் ஒட்டிக்கொண்டு நிற்கும் லெவல் கன்ட்ரோலர் திரையில் கண்ணை உறுத்தும். மேனுவலில் பூஜ்யத்தில் இருக்கும் கன்ட்ரோலர் உறுத்தாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது, ஆலைகளில் அடிக்கடி கால் இடறும் இடம். மேனுவலில் இருக்கும்போது செட்பாயின்ட், அளவின் பின்னாலேயே நகரும்படி பல கன்ட்ரோலர்களை அமைத்திருப்பார்கள். மேனுவலிலிருந்து ஆட்டோவுக்கு மாற்றும்போது வால்வு திடுக்கென்று குதிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல வசதி. ஆனால் 97 காட்டும்போது ஆட்டோவைத் தட்டினால் செட்பாயின்டும் 97 ஆகத்தான் இருக்கும். கன்ட்ரோலருக்குப் பிழையே தெரியாது. வால்வு மூடியே கிடக்கும். அளவு இறங்க இறங்க, மூடியே வைத்திருக்க இன்னும் நல்ல காரணம் கிடைக்கும். ஆட்டோவில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும். ஆட்டோவைத் தட்டிய கை, செட்பாயின்டை 50-க்குக் கொண்டுவராமல் அங்கிருந்து எழக்கூடாது.

தாமதமாகத் திறந்த வால்வு

12.41 வாக்கில் கோபுரத்தின் அழுத்தம் 33 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு) ஏறியது. திரவம் ஏற ஏற மேலே மாட்டிக்கொண்ட வாயு நசுங்கியதன் விளைவு. வேறு காரணமாக இருக்கும் என்று நினைத்து உலையின் எரிபொருளைக் குறைத்தார்கள், ஒரு வென்ட் வால்வைத் திறந்தார்கள். 12.42-க்கு லெவல் வால்வையும் திறக்கத் தொடங்கி, அடுத்த இருபது நிமிடத்தில் படிப்படியாகக் கூட்டினார்கள். ஒரு வகையில் சரியான காரியம்தான், மூன்று மணி நேரம் தாமதமாக.

இங்கேதான் அந்த வெப்பப் பரிமாற்றி. அடியில் கொதித்துக்கொண்டிருந்த திரவம் வெளியேறும் வழியில் தன் சூட்டை உள்ளே வரும் ஃபீடுக்குக் கொடுத்தது. சில நிமிடங்களில் ஃபீடின் வெப்பநிலை முன்பிருந்ததைவிட நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேல் கூடியது. வெளியே எவ்வளவு அதிகம் போகிறதோ அவ்வளவு சூடு உள்ளே திரும்பி வருகிறது. இதுவும் ஒரு லூப்தான், யாரும் கன்ட்ரோலர் வைக்காத லூப். சாதாரண ஓட்டத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் அதே ஏற்பாடு, கழுத்துவரை நிரம்பிய கோபுரத்தில் எதிர்த்திசையில் வேலை செய்தது. கன்ட்ரோல் லூப் விலகலைக் குறைக்கும். இது விலகலை வளர்த்தது. திரவ நிரல் கொதிக்கத் தொடங்கியது. குமிழ்கள் அதை மேலே தள்ள, உச்சியைத் தாண்டி ஆவி போக வேண்டிய குழாயில் திரவம் இறங்கியது.

அந்தக் குழாயில், உச்சியிலிருந்து 148 அடி கீழே மூன்று பாதுகாப்பு வால்வுகள், 40 பிஎஸ்ஐ அளவில் திறக்க வைத்தவை. கோபுரத்தின் அழுத்தத்தோடு அத்தனை அடித் திரவத்தின் எடையும் சேர்ந்து அழுத்த, 1.14 வாக்கில் மூன்றும் திறந்தன. சுமார் ஆறு நிமிடம் திறந்தே இருந்தன. திரவம் போய்ச் சேர்ந்தது ப்ளோடவுன் டிரம் (அவசரத்தில் வெளியேறுவதைப் பிடிக்கும் கலன்) ஒன்றில். அதற்கு ஃபிளேர் (வெளியேறுவதைப் பாதுகாப்பாக எரித்துவிடும் அமைப்பு) கிடையாது, வானத்தைப் பார்த்த ஒரு புகைப்போக்கிதான். அந்த டிரம்மின் ஹை லெவல் அலாரமும் அடிக்கவில்லை. புகைப்போக்கியின் உச்சியிலிருந்து எரியும் தன்மையுள்ள திரவம் பீய்ச்சியடித்துத் தரையில் ஆவியாகப் பரவியது. அருகில் எஞ்சின் ஓடியபடி நின்ற டீசல் பிக்கப் வண்டியில் அது பற்றியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

கட்டுப்பாட்டு லூப்புக்கு மேலே தனியாக ஒரு அடுக்கு இருந்திருக்க வேண்டும்: வேறு கருவி, வேறு கம்பி, வேறு லாஜிக், லெவல் எல்லை மீறினால் யாரையும் கேட்காமல் ஃபீடை மூடும் டிரிப். அந்தக் கோபுரத்தில் அது இல்லை. இரண்டாவது கருவி வைக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஐந்தடி வீச்சில் ஒரு அழுத்த வேறுபாட்டு டிரான்ஸ்மிட்டரைப் போட்டிருந்தாலும் கதை மாறியிருக்காது. இரண்டு குழாய் முனைகளும் முழுகிய பிறகு அதுவும் அடர்த்தியைத்தான் அளக்கும், அதுவும் சூட்டில் இறங்கித்தான் காட்டும். இரண்டு கருவிகள் ஒத்துப்போவதைப் பார்த்து நம்பிக்கை இன்னும் கூடியிருக்கும். முனைகளில் ஒன்றைக் கோபுரத்தின் அடியிலும் மற்றதை உச்சியிலும் வைத்திருந்தால், நூற்றைம்பது அடித் திரவத்தின் எடை பச்சையாகத் தெரிந்திருக்கும்.

மறுமுனையில் பொய்

டெக்சஸ் சிட்டியில் பொய் அளவுப் பக்கத்திலிருந்து வந்தது. வால்வுப் பக்கத்திலிருந்தும் வரலாம். 1979 மார்ச் 28-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு நிவாரண வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கு, வால்வுக்கு மூடச் சொல்லி சிக்னல் போனதைக் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. அனுப்பிய கட்டளையை நடந்த காரியமாக எடுத்துக்கொண்டார்கள்.

1994 ஜூலை 24-ல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது டெக்சஸ் சிட்டிக்கு இன்னும் நெருங்கிய உறவு. இடியோடு வந்த மழையில் ஆலை நிலைகுலைந்தது. டீபியூட்டனைசர் (பியூட்டேனைப் பிரிக்கும்) கோபுரத்தின் வெளியேறும் வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டது. திரையில் அது திறந்திருப்பதாகக் காட்டியது. உள்ளே வந்துகொண்டே இருந்தது, வெளியே போகவில்லை. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் மட்டும் 275 அலாரம். 26 பேர் காயமடைந்தார்கள்.

அந்த நிகழ்வைப் பற்றி பிரிட்டனின் உடல்நலம் மற்றும் பாதுகாப்பு நிர்வாகம் 1997-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு பரிந்துரை உண்டு. ஆலையின் நிலையை ஒரே பார்வையில் காட்டும் திரை வேண்டும். தேவைப்படும் இடங்களில் உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்ற நிறைக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். எட்டு ஆண்டு கழித்து டெக்சஸ் சிட்டியின் கன்ட்ரோல் ரூமில் அந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு திரைகளில் இருந்தன.